ஹிந்து பேப்பர் படித்தால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

இங்கிலீஷ் கற்றுக்கொள்ள என்ன வழி என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "தினமும் ஹிந்து பேப்பர் படி." அப்பா சொல்வார், ஹெட்மாஸ்டர் சொல்வார், பேங்க் எக்ஸாமில் பாஸான பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். கூடவே ஒரு வாலும் ஒட்டிக்கொண்டு வரும்: "தெரியாத வார்த்தை வந்தா டிக்‌ஷனரியைத் தூக்காதே. முன்னாடி பின்னாடி பார்த்து நீயே யூகி. தன்னால வரும்."

எங்கள் ஊர் நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். அநேகமாக எல்லோரும் தமிழ் மீடியம். நானும் அப்படித்தான். மேலே சொன்ன அறிவுரையை நம்பி, தலையங்கப் பக்கத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, "எனக்கும் இங்கிலீஷுக்கும் ராசியில்லை சார்" என்ற முடிவோடு வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் அதிகம். அறிவுரையில் பொய்யில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

யூகம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழிலேயே பார்த்துவிடலாம். இந்த வாக்கியத்தைப் படியுங்கள்:

"பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முருகன் நொகுட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தான்."

நொகுடு என்று ஒரு சொல் கிடையாது, நான் இட்டுக்கட்டியது. ஆனாலும் அது ஏதோ ஒரு பை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். 'ஐ' உருபு சேர்ந்திருப்பதால் அது ஒரு பொருள் என்று தெரிகிறது. பஸ்ஸில் வந்தவன், தோளில் மாட்டுகிறான், நடக்கிறான் என்பதெல்லாம் சேர்ந்து பையைக் காட்டிக்கொடுக்கின்றன. இப்போது இதைப் படியுங்கள்:

"பஸ் ஸ்டாண்டில் சிலாங்கியதும் முருகன் நொகுட்டைத் தெவுலில் கெதுவிக்கொண்டு மொடவலாக நடந்தான்."

இலக்கணம் அப்படியே இருக்கிறது. எது பெயர், எது வினை என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஆகி முருகன் எப்படியோ நடந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. நொகுடு பையா, குடையா, கைக்குழந்தையா? ஒரு நிமிடத்தில் உங்கள் அறிவு குறைந்துவிடவில்லை. சுற்றி நின்று துப்புக் கொடுக்க வேண்டிய சொற்களே தெரியாதவையாகிவிட்டன. தலையங்கத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய் "முன்னாடி பின்னாடி பார்" என்றால் எதைப் பார்ப்பான்?

இதற்குக் கணக்கும் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன் வாழ்நாள் முழுக்க இதே வேலையாக இருந்தவர். ஒரு பக்கத்தில் இருக்கும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருந்தால்தான், மீதியை யாருடைய உதவியும் இல்லாமல் ஊகித்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்க முடியும் என்பது அவருடைய கணிப்பு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக இருக்கலாம். நாவல், செய்தித்தாள் என்று அந்த அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006இல் கணக்குப் போட்டார். சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதன் பிள்ளைகளும்: 'டிசைட்', 'டிசைடட்', 'டிசிஷன்' எல்லாம் ஒரே கணக்கு. அடிக்கடி வரும் முதல் 2,000 மட்டும் தெரிந்தவனுக்குச் செய்தித்தாளில் ஏறக்குறைய 80 விழுக்காடு பிடிபடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு சொல் இருட்டு. முந்நூறு சொல் உள்ள பத்தியில் அறுபது நொகுடு.

ஆகவே முதல் இரண்டாயிரத்தை யூகத்துக்கு விடாதீர்கள், நேராகப் படித்துவிடுங்கள் என்பதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். நம் அம்மாக்கள் காலத்து முறை. தமிழில் அர்த்தம் எழுதினால் மூளை இங்கிலீஷில் யோசிக்காது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'க்யூமின்' என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் பார்த்தால், சமையலில் வாசனைக்குப் போடும் ஒரு செடியின் விதை என்று இருக்கும். அது சோம்பாகவும் இருக்கலாம், வெந்தயமாகவும் இருக்கலாம், தனியாவாகவும் இருக்கலாம். சீரகம் என்று தமிழில் ஒரே ஒரு சொல் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய பொருளுக்குத் தாய்மொழியைவிட விரைவான அகராதி இல்லை.

மடித்த நோட்டு சறுக்குவது வேறு இடத்தில். ஒரு பையன் 'கமிட்' என்ற சொல்லுக்கு நேரே 'செய்' என்று எழுதி வைத்திருந்தான். தப்பில்லை, அவன் வாங்கிய கைடில் அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரம் அவன் எழுதிய வாக்கியம்: "ஐ கமிட்டட் மை ஹோம்வொர்க்." குற்றம், தவறு, தற்கொலை போன்றவற்றோடுதான் அந்த 'செய்' போகும் என்று அந்த நோட்டு அவனுக்குச் சொல்லவில்லை. ஹோம்வொர்க் செய்வது குற்றம் மாதிரி ஆகிவிட்டது. அவனைப் பொறுத்தவரை அதுவும் உண்மைதான் என்று வகுப்பே சிரித்தது.

இது தமிழ் மீடியத்தின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா கில்டியா என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் அகராதியைக் கொடுத்து, புதுச் சொற்களுக்கு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி 1987இல் எழுதிய கட்டுரையில் வரும் வாக்கியங்களை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. 'ஈரோட்' என்ற சொல் (நம்ம ஊர் ஈரோடு இல்லை, மண்ணரிப்பு என்கிற அரிப்பு) அகராதியில் 'ஈட் அவுட்' என்று விளக்கப்பட்டிருந்தது. அரித்துத் தின்பது என்ற அர்த்தத்தில். ஆனால் 'ஈட் அவுட்' என்றால் ஹோட்டலில் சாப்பிடுவது என்றுதானே அந்தக் குழந்தைக்குத் தெரியும்? "எங்கள் குடும்பம் அடிக்கடி ஈரோட் ஆகும்" என்று எழுதிவிட்டது. 'ஸ்டிமுலேட்' (தூண்டிவிடுவது) என்பதற்கு 'ஸ்டிர் அப்' என்று பார்த்த இன்னொரு குழந்தை, ஒரு அம்மா சூப்பை ஸ்டிமுலேட் செய்தார் என்று எழுதியது. கரண்டியால் கிளறியிருக்கிறார். தாய்மொழியிலேயே இந்தக் கதி.

ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல், அதை விளக்க மற்றொன்று என்று போனால் எங்கே நிற்பது? தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் இடம், ஒருவிதத்தில் நம்முடைய முதல் அகராதி. அதன் கடைசியில் ஒரு வரி: "பொருட்குப் பொருள் தெரியின் அது வரம்பின்றே." பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே கிடையாது. அதே பகுதியில், சொல்லுக்கு "முன்னும் பின்னும் வருபவை நாடி" அதன் பொருளை உணர்த்த வேண்டும் என்றும் வருகிறது. பேங்க் கோச்சிங் புத்தகங்கள் இதைத்தான் 'கான்டெக்ஸ்ட் க்ளூ' என்று தலைப்புப் போட்டு விற்கின்றன.

சரி, எல்லையில்லாமல் போகும் பொருளை எங்கேயாவது நிறுத்த வேண்டும் அல்லவா. அதற்கு ஒரு நடைமுறை வழி கண்டவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த ஆங்கிலேயர். வங்காளத்துப் பிள்ளைகள் இங்கிலீஷ் வாசிக்கத் திணறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1935இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில் சுமார் 24,000 சொற்களும் சொற்றொடர்களும் உண்டு. எல்லாவற்றையும் விளக்கப் பயன்பட்டவை மொத்தமே 1,490 சொற்கள். அந்த 1,490ஐ மட்டும் தெரிந்துகொண்டால் மீதி அகராதி முழுவதும் திறந்துவிடும். முதல் இரண்டாயிரத்தை நேராகப் படி என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. அவை கையில் இருந்தால்தான் டிக்‌ஷனரியே உதவும்.

இன்னொருவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே, அதன் முதல் வடிவம் 1942இல் ஜப்பானில்தான் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948இல்தான் தன் பெயரில் போட்டது. ஒரு சொல் எந்த வாக்கிய அமைப்பில் உட்காரும், எதில் உட்காராது என்பதை அதில் குறித்திருந்தார். இங்கிலாந்துக்காரனுக்கு அது தேவையே இல்லை, அவன் காதுக்கே தெரியும். கற்றுக்கொள்கிறவனுக்கான இங்கிலீஷ் அகராதி டாக்காவிலும் ஜப்பானிலும் முளைத்தது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. கஷ்டப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் எது கஷ்டம் என்று தெரியும்.

அப்புறம் 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழுவின் கோபில்ட் அகராதி வந்தது. விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதினார்கள். 'கமிட்' என்பதை அந்தப் பாணியில் எழுதினால், "ஒருவர் ஒரு குற்றத்தையோ பாவத்தையோ கமிட் செய்தால், சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ மாறான ஒன்றைச் செய்கிறார்" என்பதுபோல இருக்கும். நம் பையனின் ஹோம்வொர்க் இந்த வாக்கியத்துக்குள் நுழையவே முடியாது. தமிழில் இதற்கு நெருக்கமான அனுபவம் வேண்டுமென்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள். 1992இல் வந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்லுக்கே அதில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்தால், இத்தனை விதமாகவா பேசுகிறோம் என்று இருக்கும்.

இனி யூகத்தின் பக்கம். வாக்கியம் எப்போதும் உதவும் என்று நினைப்பதும் ஆபத்து. சில இடங்களில் வாக்கியமே கையைப் பிடித்துத் தப்பான தெருவுக்கு அழைத்துப் போகும். "விடைத்தாளைப் பார்த்த வாத்தியார், 'நன்றாக எழுதியிருக்கிறாய்' என்று ரிலக்டன்ட்லி சொன்னார்" என்று ஒரு வரி. வகுப்பில் கேட்டால் பெருமையாக, சந்தோஷமாக, சிரித்தபடி என்று பதில் வரும். உண்மையில் மனசில்லாமல், வேண்டாவெறுப்பாகச் சொல்கிறார். கதையில் அந்த வாத்தியாருக்கு அந்தப் பையனைப் பிடிக்காது. ஐசபெல் பெக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1983இல் இதைத்தான் எழுதினார்கள்: எல்லாச் சூழலும் ஒன்றல்ல, சில நேராக வழிகாட்டும், சில மங்கலாகக் காட்டும், சில எதையுமே சொல்லாது, சில தவறான பக்கம் தள்ளும். பரீட்சைக் கேள்வி தயாரிக்கிறவர்கள் நேராக வழிகாட்டும் வாக்கியங்களையே பொறுக்கி எடுத்துப் போடுவதால், பிள்ளைகள் உலகமே அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

சொல்லின் உடம்பைப் பார்த்து ஊகிப்பதும் இப்படித்தான். 'இன்' என்று முன்னால் வந்தால் 'இல்லை' என்று பாடம்: இன்விசிபிள், இன்கரெக்ட். சரி, நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கரின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறதே, தீப்பிடிக்கவே பிடிக்காது என்றா அர்த்தம்? படபடவென்று பிடிக்கும் என்று அர்த்தம். அந்த 'இன்' வேறு 'இன்'. இந்த இடத்தில் இலக்கண விதி கைவிட, லாரிக்குள் இருக்கும் பெட்ரோல் காப்பாற்றுகிறது.

நம்மவர்களுக்கென்று இன்னொரு விதமான பொறி இருக்கிறது, புதையலும் அதுவே. இங்கிலீஷே தெரியாது என்கிற பாட்டியின் பேச்சில்கூட நூற்றுக்கணக்கில் இங்கிலீஷ் சொற்கள் உண்டு. ஆனால் அவை இங்கே வந்து குடியேறி, வேட்டி கட்டிக்கொண்டு, அர்த்தத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. "ஃபீல் பண்ணாதே" என்றால் வருத்தப்படாதே. அந்த நினைப்போடு இங்கிலீஷில் 'ஐ ஃபீல்' என்று பார்க்கிற பிள்ளை, எழுதியவர் ஏதோ சோகத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டுகிறது. 'கமிட்மென்ட்' என்றால் நம் ஊரில் வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம்.

'டென்ஷன்' விஷயத்தில் ஒரு மாணவிதான் எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தாள். அப்பா டெய்லர். டென்ஷன் என்றால் படபடப்பு, மனஅழுத்தம் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, "எங்க கடை மெஷின்ல டென்ஷன் இருக்கு சார்" என்றாள். தையல் மெஷினில் மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். அதிகம் இறுக்கினால் நூல் அறுந்துவிடும், தளர்த்தினால் தையல் லொடலொட என்று விழும். இழுத்துப் பிடித்த நிலைதான் டென்ஷன். அது பிடிபட்டதும் மனசில் வரும் டென்ஷன், இரண்டு நாடுகளுக்கு நடுவில் வரும் டென்ஷன், பௌதிகத்தில் வரும் சர்ஃபேஸ் டென்ஷன் எல்லாம் ஒரே கயிற்றில் வந்து நின்றன. ஹை டென்ஷன் கம்பி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அங்கே அது மின்னழுத்தம். அந்தச் சொல்லின் லத்தீன் வேர் இழு, நீட்டு என்பதுதான் என்று நான் சொன்னபோது, அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி மாதிரி தலையாட்டினாள்.

ஒரு சொல்லை ஒருதரம் சந்தித்தால் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்லியம் நேகியும் சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாகப் படித்துக்கொண்டு போகும்போது, எதிர்ப்படும் ஒரு புதுச் சொல் மனசில் தங்குவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. சோர்ந்துபோக வேண்டியதில்லை. நிறையப் படிக்கிறவனுக்கு இருபதில் ஒன்று என்பதே வருஷத்தில் பெரிய தொகையாகிவிடும். ஆனால் அடுத்த மார்ச்சில் பரீட்சை வைத்திருக்கிறவனுக்கு அந்த வேகம் போதாது. அவனுக்கு யூகமும் வேண்டும், டிக்‌ஷனரியும் வேண்டும், அதே சொல்லை நாலு நாள் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் மறுபடி பார்க்கிற பொறுமையும் வேண்டும்.

நாங்கள் செய்வது எளிமையான வேலைதான். முதலில் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். தமிழில் உருபு சொல்லிவிடும், இங்கிலீஷில் இடம்தான் சொல்லும். 'தி' என்பதற்குப் பின்னால் நிற்கிறதா, 'டு' என்பதற்குப் பின்னால் நிற்கிறதா? அடுத்து 'பட்', 'அன்லைக்', 'சச் ஆஸ்' போன்ற கைகாட்டிகள் பக்கத்தில் உண்டா? பிறகு யூகத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொண்டால், டிக்‌ஷனரியைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். எழுதியபின்தான் டிக்‌ஷனரி. நோட்டில் சொல்லை மட்டும் எழுத அனுமதி கிடையாது, அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். கீழே சொந்தமாக ஒரு வாக்கியம், தன் தெருவில் நடந்ததை வைத்து.

எதைப் படிப்பது என்பதில்தான் எனக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் சண்டை. தலையங்கத்தை எடுத்து ஓரமாக வை, நேற்று ராத்திரி நீ பார்த்த மேட்சின் செய்தியைப் படி என்பேன். கடைசி நாலு ஓவரில் என்ன நடந்தது என்று அந்தப் பையனுக்குப் பந்து பந்தாகத் தெரியும். 'கொலாப்ஸ்' என்று எழுதியிருந்தால் மளமளவென்று விக்கெட் விழுந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று கேட்காமலே பிடித்துக்கொள்வான். 'ரெசிலியன்ட்' என்றால், அத்தனை பேர் அவுட்டான பிறகும் ஒருவன் நின்று ஆடினானே, அது. சுற்றியிருக்கும் சொற்கள் தரும் துப்பைவிட, ஏற்கெனவே தெரிந்த விஷயம் தரும் துப்புக்குத்தான் பலம் அதிகம். கிரிக்கெட் பிடிக்காதவர்கள் தங்கம் விலை, மழை எச்சரிக்கை, சினிமா செய்தி என்று எதையாவது காலையில் தமிழ்ப் பேப்பரில் படித்துவிட்டு, அதே செய்தியை இங்கிலீஷில் படிக்கலாம். விஷயம் முன்னாலேயே கையில் இருக்கும், மொழியை மட்டும் பார்த்தால் போதும்.

டெய்லர் மகள் கிரிக்கெட் பக்கமே போக மாட்டாள். இங்கிலீஷில் சமையல் குறிப்பு படித்தாள். 'சிம்மர்' என்ற சொல் ஐந்தாறு இடத்தில் வர, அடுப்பைச் 'சிம்'மில் வை என்கிறோமே, அதன் முழுப்பெயர் இதுதானா என்று கண்டுபிடித்தது அங்கேதான். போன வாரம் பேப்பரின் வெளிநாட்டுப் பக்கத்தைக் கொண்டுவந்து ஒரு தலைப்பைக் காட்டினாள். எல்லைத் தகராறு பற்றிய செய்தி, மேலே 'சிம்மரிங் டென்ஷன்ஸ்' என்று போட்டிருந்தது. "அடுப்பு சிம்ல இருக்கு, நூல் இறுகியிருக்கு. அவ்வளவுதானே சார்?" என்றாள்.